‘வயது போனால் இப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள்: ஆண்களின் பாலியல் பலவீனம், காரணங்களும் சிகிச்சையும்

வன்னியில் எங்கள் அயலில் வசிக்கும் 63 வயதான ஒருவர் ஒருநாள் அதிகாலை கிணற்றடியில் பாரிசவாதம் வந்து விழுந்தார். வலது கையும் காலும் இழுத்துவிட்டன. பேச்சு குழறியது. வைத்தியசாலையில் அவரது கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்த வைத்தியர், “பிரஷர் குளிசை ஒழுங்காகப் போட்டவரா?” என்று கேட்டார். மனைவி “ஓம்” என்றார். வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தபோதுதான், எட்டு மாதக் குளிசைகள் பிரிக்கப்படாமல் ஒரு சொப்பிங் பைக்குள் கிடந்ததை அவர் கண்டார்.

பேச்சு ஓரளவு திரும்பிய பிறகு கணவர் காரணத்தைச் சொன்னார். அந்தக் குளிசையைத் தொடங்கியதிலிருந்து தாம்பத்திய உறவில் ஈடுபட முடியாமல் போய்விட்டதாம். அதை வைத்தியரிடம் சொல்ல வெட்கம். மனைவியிடம் சொல்ல அதைவிட வெட்கம். அதனால் குளிசையை நிறுத்திவிட்டார்.

“ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நானே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பன் தம்பி. அந்தாள் நடந்து திரிஞ்சாலே எனக்குக் காணும்” என்றார் அந்த அம்மா. தங்களை அடையாளம் காட்டாமல் இதை எழுதும்படி சொன்னவர்களும் அவர்கள்தான்.

எங்கள் ஊர்களில் சலரோகத்தைப் பற்றிச் சந்தியில் நின்று கதைக்கலாம். பைபாஸ் செய்த தழும்பைச் சட்டையைத் திறந்து காட்டலாம். இந்த ஒரு விடயத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொல்லாமல் விடுவதால் சிலர் அவசியமான மருந்தை நிறுத்துகிறார்கள். சிலர் ஆபத்தான மருந்தை ஒளித்து வாங்கிப் போடுகிறார்கள். பலர் தமக்குள் வளர்ந்துவரும் இதய நோயைத் தெரியாமலே இருக்கிறார்கள். அதனால்தான் இதை வெளிப்படையாக எழுத வேண்டியிருக்கிறது.

எது இயல்பு, எது நோய்?

வயது ஏற ஏற ஆணின் உடலில் சில மாற்றங்கள் வரும். விறைப்பு ஏற்பட அதிக நேரம் எடுக்கும். முன்பு நினைவே போதுமாக இருந்த இடத்தில் இப்போது நேரடியான தொடுகை தேவைப்படும். ஒருமுறை உறவுகொண்ட பின் மறுமுறை இயலுவதற்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். விந்தின் அளவு குறையும். இவை நோய் அல்ல. தலைமயிர் நரைப்பது போன்றவைதான்.

உறவுகொள்ளப் போதிய விறைப்பு ஏற்படாமல் இருப்பதோ, ஏற்பட்டாலும் நிலைக்காமல் போவதோ மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்தால் அதை விறைப்புக் குறைபாடு என்று வைத்தியர்கள் கருதுவார்கள். களைப்பிலோ கவலையிலோ ஓரிரு தடவை இயலாமல் போவது இதில் சேராது. ஆசையே இல்லாமல் போவது, விந்து முந்துவது அல்லது வராமல் போவது ஆகியவை வேறு பிரச்சினைகள். அவற்றின் காரணங்களும் சிகிச்சைகளும் வேறு. ஆகவே வைத்தியரிடம் “பலவீனம்” என்று மட்டும் சொல்லாமல், எது நடக்கிறது, எது நடக்கவில்லை என்று பிரித்துச் சொல்வது பயன் தரும்.

இது எவ்வளவு பரவலானது? அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் 1987 முதல் 1989 வரை, 40 முதல் 70 வயது வரையான ஆண்களிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அவர்களில் 52 வீதமானோருக்கு ஏதோவோர் அளவில் இந்தக் குறைபாடு இருந்தது. முற்றாக இயலாதவர்கள் 40 வயதில் 5 வீதம், 70 வயதில் 15 வீதம். இந்தக் கணக்கில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. உங்களுக்கு இருப்பது மிகச் சாதாரணமான ஒரு பிரச்சினை. அதேநேரம், வயது மட்டும் இதை முற்றாகப் பறித்துவிடுவதில்லை. பறிபோனால் பெரும்பாலும் அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும்.

உடலுக்குள் நடப்பது என்ன?

விறைப்பு என்பது முழுக்க முழுக்கக் குருதியோட்டம். மூளையில் எழும் ஆசையோ தொடுகையின் உணர்வோ முள்ளந்தண்டு வடத்தின் வழியாக நரம்புகளுக்குப் போகிறது. ஆணுறுப்பிலுள்ள நரம்பு முனைகளும் குருதிக்குழாய்ச் சுவர்களும் நைத்திரிக் ஒக்சைட் என்ற வாயுவை வெளிவிடுகின்றன. அது தசைகளைத் தளரச்செய்கிறது. நாடிகள் விரிந்து குருதி உள்ளே பாய்கிறது. உள்ளே நிறைந்த குருதி வெளியேறும் நாளங்களை நசுக்கிப் பிடிக்க, உறுப்பு விறைத்து நிற்கிறது.

ஆகவே மூளை, நரம்பு, குருதிக்குழாய், ஓமோன், மனம் ஆகியவற்றில் எது பழுதானாலும் இது பாதிக்கப்படும். முதியவர்களில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் சேர்ந்தே இருக்கும்.

இதயம் அனுப்பும் முன்னறிவித்தல்

ஆணுறுப்புக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடியின் விட்டம் ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீற்றர். இதயத் தசைக்குக் குருதி கொடுக்கும் நாடியின் விட்டம் 3 முதல் 4 மில்லிமீற்றர். உடல் முழுவதும் நாடிகளில் கொழுப்புப் படியத் தொடங்கும்போது சிறிய குழாய்தான் முதலில் அடைபடும். அதனால் விறைப்புக் குறைபாடு தோன்றி இரண்டு முதல் ஐந்து வருடங்களில் இதய நோய் வெளிப்படுவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

இந்தக் கட்டுரையில் ஒரேயொரு விடயத்தை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். நடுத்தர வயதிலோ அதற்குப் பிறகோ படிப்படியாக விறைப்புக் குறைந்துவந்தால் குருதி அமுக்கம், சீனி, கொலஸ்திரோல் மூன்றையும் சோதிக்க வேண்டும். தேவையென்றால் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். நெஞ்சுவலி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

புகைத்தல் இந்தச் சிறிய நாடிகளை நேரடியாகச் சேதப்படுத்தும். சிகரெட், பீடி, சுருட்டு எல்லாம் இதில் ஒன்றுதான். சாராயமும் கசிப்பும் ஆரம்பத்தில் கூச்சத்தைக் குறைப்பதால் உதவுவது போலத் தெரியும். நாளடைவில் நரம்பையும் ஈரலையும் கெடுத்து, ஆண் ஓமோனையும் குறைக்கும்.

சலரோகம், சிறுநீரகம், புரஸ்டேட்

சலரோகம் நாடிகளையும் நரம்புகளையும் ஒருசேரத் தாக்குகிறது. பாதம் விறைத்துப்போவது போலவே இந்த நரம்புகளும் உணர்விழக்கும். சீனி கட்டுப்பாட்டில் இல்லாத காலம் நீள நீளப் பாதிப்பும் கூடும். சிலருக்குச் சலரோகம் இருப்பதே இந்தக் குறைபாட்டுக்காகச் சோதித்தபோதுதான் தெரியவருகிறது.

வவுனியா போன்ற மாவட்டங்களில் காணப்படும் நாட்பட்ட சிறுநீரக நோயும் ஒரு காரணம். கழிவுகள் உடலில் தேங்குவது, குருதிச்சோகை, ஓமோன் மாற்றம், களைப்பு எல்லாம் சேர்ந்து ஆசையையும் விறைப்பையும் குறைக்கின்றன. தைரொயிட் கோளாறும் இப்படிச் செய்யலாம்.

புரஸ்டேட் சுரப்பி வீங்கி அடிக்கடி சிறுநீர் போவது முதியவர்களிடம் பொதுவானது. சிறுநீர்க்குழாய் வழியாகக் கருவியைச் செலுத்திச் செய்யும் வழமையான புரஸ்டேட் சத்திரசிகிச்சைக்குப் பிறகு, விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போவதுண்டு. அதனால் தீங்கில்லை. பின்பு சிறுநீருடன் வெளியேறிவிடும். பெரும்பாலானோருக்கு விறைப்பு தொடர்ந்து இருக்கும். புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுமையாக அகற்றினால் அருகிலுள்ள நரம்புகள் பாதிக்கப்படலாம். சத்திரசிகிச்சைக்கு முன்பே இதைப் பற்றி நிபுணரிடம் கேட்பது உங்கள் உரிமை.

ஆண் ஓமோனான டெஸ்டோஸ்டெரோன் 30 வயதுக்குப் பின் வருடத்துக்கு ஏறத்தாழ 1 வீதம் என்ற அளவில் மெதுவாகக் குறையும். அது மிகவும் குறைந்தால் முதலில் பாதிக்கப்படுவது ஆசைதான். பலர் நினைப்பதுபோல விறைப்புக் குறைபாட்டின் பிரதான காரணம் இந்த ஓமோன் குறைவு அல்ல.

குளிசைகளும் காரணமாகலாம்

எங்கள் அயலவர் சந்தேகப்பட்டதில் தவறில்லை. அற்றெனலோல் போன்ற பழைய பீற்றா தடுப்பு மருந்துகளும், ஹைட்ரோகுளோரோதயசைட் போன்ற சிறுநீர் போக்கும் மருந்துகளும் சிலருக்கு விறைப்பைக் குறைக்கலாம். மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் புளுவொக்சற்றீன், சேற்றலீன் போன்றவை ஆசையைக் குறைத்து விந்து வருவதைத் தாமதமாக்கலாம். தீவிர மனநோய்க்கான சில மருந்துகளுக்கும், புரஸ்டேட் வீக்கத்துக்கான பினஸ்ரறைட்டுக்கும் இந்தப் பக்கவிளைவு உண்டு.

தவறு நடந்தது மருந்தை அவராகவே நிறுத்திய இடத்தில்தான். குருதி அமுக்கத்துக்கு லோசாட்டன், எனலப்பிறில் போன்ற வேறு மருந்துகள் இருக்கின்றன. அவை விறைப்பைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. “இந்தக் குளிசை தொடங்கின பிறகு எனக்கு இப்படி இருக்கு, மாற்றித் தர முடியுமா?” என்ற ஒரு கேள்வி போதும். எல்லோருக்கும் மாற்ற முடியாது. ஆனால் முடியுமா என்று வைத்தியர் பார்ப்பார்.

போர் விட்டுச்சென்றவை

இன்று அறுபதைக் கடக்கும் தமிழ் ஆண்கள் தமது இளமை முழுவதையும் போருக்குள் கழித்தவர்கள். அவர்களின் உடலிலும் மனதிலும் அந்தக் காலம் இருக்கிறது.

முதலில் உடல். ஷெல் துண்டோ சன்னமோ முள்ளந்தண்டு வடத்தைத் தாக்கியவர்கள் எங்கள் மத்தியில் பலர். “இனி இது இல்லை” என்று அவர்களில் பலர் தாமாகவே முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மை அப்படியில்லை. தொடுகையால் தானாக எழும் விறைப்பைக் கட்டுப்படுத்தும் நரம்பு மையம் முள்ளந்தண்டு வடத்தின் கீழ் முனையில் இருக்கிறது. காயம் அதற்கு மேலே இருந்தால், நினைவால் எழும் விறைப்பு அற்றுப்போனாலும் தொடுகையால் எழுவது பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். கீழ் முனையே சிதைந்திருந்தால் தொடுகையால் எழுவது போய்விடும். ஆயினும் நரம்பு முற்றாக அறுபடாத சிலருக்கு நினைவால் ஓரளவு எழலாம். கீழே சொல்லப்படும் மருந்துகள் முள்ளந்தண்டுக் காயமுற்றவர்களில் பலருக்கும் வேலை செய்கின்றன.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நெஞ்சுப் பகுதியின் மேற்பாதியிலோ கழுத்திலோ காயமுற்றவர்களுக்குக் குருதி அமுக்கம் திடீரென உச்சத்துக்கு ஏறும் ஆபத்து உண்டு. உறவின்போது கடும் தலையிடி, முகம் சிவத்தல், அதிக வியர்வை ஏற்பட்டால் உடனே நிறுத்தி, நிமிர்ந்து உட்கார்ந்து, வைத்திய உதவியை நாட வேண்டும். அவர்கள் வைத்திய ஆலோசனை இல்லாமல் எந்தக் குளிசையும் போடக்கூடாது.

அடுத்தது மனம். யாழ். மாவட்டத்தில் 2009 ஜூலை முதல் செப்டெம்பர் வரை நடத்தப்பட்டு, 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்றில், 7 வீதமானோரிடம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் அறிகுறிகளும், 32.6 வீதமானோரிடம் பதகளிப்பு அறிகுறிகளும், 22.2 வீதமானோரிடம் மனச்சோர்வு அறிகுறிகளும் காணப்பட்டன. இந்த மூன்றும் பாலியல் வாழ்வைப் பாதிப்பவை. போருக்குச் சென்று திரும்பிய அமெரிக்கப் படையினரிடம் செய்யப்பட்ட ஆய்வுகளிலும், மனவடு நோய் உள்ளவர்களுக்குப் பாலியல் குறைபாடு கூடுதலாகவே காணப்பட்டது. எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்து விழித்திருக்கும் உடலால் தளர்ந்திருக்க முடியாது. விறைப்புக்கு வேண்டியதோ அந்தத் தளர்வுதான்.

காணாமலாக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் வீட்டில் சந்தோசத்தைத் தேடுவதே குற்றமாகத் தோன்றும். இடம்பெயர்ந்து, மெனிக் பாம் போன்ற முகாம்களின் கூடாரங்களில் பிள்ளைகளோடும் உறவினரோடும் மாதக்கணக்கில் நெருங்கிக் கிடந்த தம்பதியருக்குத் தனிமை என்ற ஒன்றே இருக்கவில்லை. தடுப்பும் புனர்வாழ்வும் வெளிநாடும் பிரித்துவைத்த வருடங்கள் வேறு. மீண்டும் ஒன்றுசேர்ந்தபோது ஒருவரையொருவர் தொடுவதே பழக்கமற்றதாகிவிட்டது. இப்படிப்பட்ட விலகலைப் பலர் “வயது போயிட்டுது” என்ற ஒரு வசனத்துக்குள் அடக்கிவிடுகிறார்கள்.

மூன்றாவது, இன்னும் குறைவாகப் பேசப்படுவது. 1997, 1998ஆம் ஆண்டுகளில் இலண்டனில் சித்திரவதைக்குள்ளானோருக்கு உதவும் மருத்துவ அமைப்பொன்றுக்கு அனுப்பப்பட்ட 184 இலங்கைத் தமிழ் ஆண்களில் 38 பேர், அதாவது 21 வீதமானோர், தடுப்பில் பாலியல் வன்முறைக்கு உள்ளானதாகக் கூறினர். 2000ஆம் ஆண்டில் லான்செற் மருத்துவ சஞ்சிகை இதை வெளியிட்டது. தடுப்பில் ஆண்களும் பெண்களும் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டதை, 2015 செப்டெம்பரில் வெளிவந்த ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகத்தின் விசாரணை அறிக்கையும் பதிவுசெய்தது.

இதை அனுபவித்தவர்களுக்கு மனைவியின் அன்பான தொடுகைகூட அந்த அறையை நினைவூட்டலாம். வன்முறையின்போது தமது உடல் தானாக எதிர்வினை காட்டியதை நினைத்துச் சிலர் காலமெல்லாம் கூனிக்குறுகுகிறார்கள். அது நரம்புகளின் அனிச்சைச் செயல். சூடுபட்டால் கை விலகுவது போல. அதில் சம்மதமும் இல்லை, குற்றமும் இல்லை, ஆண்மையைப் பற்றிய தீர்ப்பும் இல்லை. எத்தனை வருடம் கழிந்திருந்தாலும் உளமருத்துவ உதவி இதற்குப் பயன் தரும்.

வைத்தியர் என்ன கேட்பார், என்ன சோதிப்பார்?

எப்போது தொடங்கியது, திடீரெனவா படிப்படியாகவா, அதிகாலையில் விறைப்பு வருகிறதா என்று கேட்பார். இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. ஆரோக்கியமான ஆணுக்கு உறக்கத்தில் ஓர் இரவில் மூன்று முதல் ஐந்து தடவை விறைப்பு ஏற்படும். அதிகாலையில் நன்றாக வந்து, உறவின்போது மட்டும் வராவிட்டால் காரணம் பெரும்பாலும் மனதில் இருக்கும். எந்நேரமும் வராவிட்டால் உடலில் தேட வேண்டும். நீங்கள் போடும் எல்லாக் குளிசைகளையும் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள்.

சோதனைகள் எளியவை. குருதி அமுக்கம், வெறும் வயிற்றுச் சீனி, கொலஸ்திரோல், சிறுநீரகச் செயற்பாடு, தேவையானால் தைரொயிட். டெஸ்டோஸ்டெரோன் பார்ப்பதானால் காலையிலேயே குருதி எடுக்க வேண்டும். பிந்தினால் அளவு குறைவாகக் காட்டும். குறைவு என்று வந்தால் இன்னொரு நாள் மீண்டும் பார்த்த பிறகே முடிவு எடுப்பார்கள்.

சிகிச்சைகள்

முதல் சிகிச்சைக்குச் செலவில்லை. புகையை விடுவது, மதுவைக் குறைப்பது, எடையைக் குறைப்பது, நடப்பது. இத்தாலியில் உடற்பருமன் உள்ள ஆண்களிடம் இரண்டு வருடங்கள் செய்யப்பட்ட ஆய்வொன்று 2004இல் வெளியானது. அதில் உணவையும் உடற்பயிற்சியையும் சீர்செய்தவர்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினருக்கு மருந்தில்லாமலே பாலியல் செயற்பாடு திரும்பியது. வாரத்தில் நான்கு நாட்கள், மூச்சு வாங்கும் வேகத்தில் 40 நிமிடம் என்று ஆறு மாதம் நடந்தால் பலன் எதிர்பார்க்கலாம்.

அடுத்தது குளிசை. சில்டெனபில் என்ற மருந்தை, வயாகரா என்ற பெயரில், 1998 மார்ச்சில் அமெரிக்கா அங்கீகரித்தது. இதய வலிக்காக ஆராயப்பட்ட மருந்து அது. பரிசோதனையில் பங்குபற்றிய ஆண்கள் சொன்ன பக்கவிளைவே பிறகு அதன் பயனாயிற்று. 2003இல் வந்த ரடலபில் அதே வகையைச் சேர்ந்தது. சில்டெனபில் சில மணித்தியாலங்களும் ரடலபில் 36 மணித்தியாலங்கள் வரையும் வேலை செய்யும்.

இவை ஆசையை உண்டாக்குவதில்லை. ஆசையும் தொடுகையும் இருந்தால் குருதியோட்டத்துக்கு உதவும், அவ்வளவுதான். சில்டெனபிலை உறவுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் முன்பு எடுக்க வேண்டும். கொழுப்பான சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் வேலை செய்யப் பிந்தும். முதல் தடவை பலிக்கவில்லை என்று கைவிடக் கூடாது. சரியான முறையில் பல தடவை முயன்ற பிறகே “வேலை செய்யவில்லை” என்று சொல்லலாம். வயதானவர்களுக்குக் குறைந்த அளவிலேயே வைத்தியர்கள் தொடங்குவார்கள். ஒரு நாளில் ஒன்றுக்கு மேல் எடுக்கக்கூடாது. தலையிடி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு, பார்வையில் நீலச்சாயல் ஆகியவை வரக்கூடிய பக்கவிளைவுகள். விறைப்பு நான்கு மணித்தியாலங்களுக்கு மேல் தணியாமல் நின்றால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

குளிசை பலிக்காதவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. காற்றை உறிஞ்சிக் குருதியை வரவழைக்கும் உருளைக் கருவி, உறுப்பிலேயே மெல்லிய ஊசியால் ஏற்றும் மருந்து, கடைசி வழியாகச் சத்திரசிகிச்சை மூலம் பொருத்தும் உள்கருவி ஆகியவை அவை. டெஸ்டோஸ்டெரோன் ஊசி, சோதனையில் குறைபாடு உறுதியானவர்களுக்கு மட்டுமே. அதைத் தொடங்குமுன் புரஸ்டேட்டையும் குருதியின் தடிப்பையும் பார்க்க வேண்டும்.

காரணம் மனதில் இருந்தால், அல்லது தோல்வி பற்றிய பயமே அடுத்த தோல்விக்குக் காரணமானால், உளவளத்துணை உதவும். இதில் தம்பதியருக்குச் சொல்லித்தரப்படும் ஒரு பயிற்சி எளிமையானது. சில வாரங்களுக்கு உடலுறவை முற்றாக ஒதுக்கிவைத்து, தொடுகையையும் நெருக்கத்தையும் மட்டும் பழகுவது. பரீட்சை எழுதுவது போன்ற பயம் குறையும்போது உடல் தானாகத் திரும்பும்.

யார் இந்தக் குளிசையைத் தொடவே கூடாது?

இதய வலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் ஜி.ரி.என். குளிசையோ, ஐசோசோபைட் என்ற பெயருள்ள குளிசையோ பாவிப்பவர்கள் சில்டெனபில், ரடலபில் எதையும் எடுக்கக்கூடாது. இரண்டும் நாடிகளை விரிப்பவை. சேர்ந்தால் குருதி அமுக்கம் திடீரென விழுந்து உயிரே போகலாம்.

இதன் மறுபக்கமும் முக்கியம். குளிசை எடுத்த பிறகு நெஞ்சுவலி வந்தால், 1990 அம்புலன்ஸில் வருபவர்களிடமும் வைத்தியசாலையிலும் அதை எடுத்ததாக உடனே சொல்லுங்கள். சில்டெனபில் என்றால் 24 மணித்தியாலங்களுக்கும் ரடலபில் என்றால் 48 மணித்தியாலங்களுக்கும் அவர்கள் நைட்ரேட் மருந்துகளைத் தவிர்க்க வேண்டியிருக்கும். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று வெட்கப்பட்டு மறைத்தால், உங்களைக் காப்பாற்றக் கொடுக்கும் மருந்தே உங்களைக் கொல்லலாம்.

அண்மையில் மாரடைப்போ பாரிசவாதமோ வந்தவர்களும், இதய நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும் முதலில் வைத்தியரின் அனுமதியைப் பெற வேண்டும். புரஸ்டேட்டுக்காக ரம்சுலோசின், பிறசோசின் போன்றவை எடுப்பவர்களும் சொல்ல வேண்டும். சேர்த்து எடுத்தால் தலைசுற்றி விழக்கூடும். இதய நோயாளிகள் பலருக்கு உறவுகொள்வதே ஆபத்தில்லை. இரண்டு மாடிப்படிகளை நெஞ்சுவலியோ கடும் மூச்சுத்திணறலோ இல்லாமல் வேகமாக ஏற முடிந்தால், இதயம் அந்தச் சிரமத்தைப் பொதுவாகத் தாங்கும்.

லேகியங்களும் விளம்பரங்களும்

மின்கம்பத்து நோட்டீஸிலும் முகநூலிலும் “பக்கவிளைவு இல்லாத மூலிகை” என்று விற்பவற்றில் கவனமாக இருங்கள். “இயற்கை” என்று விற்கப்பட்ட இப்படிப்பட்ட பொருட்களில் சில்டெனபில் இரகசியமாகக் கலக்கப்பட்டிருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்துள்ளது. மூலிகைதானே என்று நம்பி எடுக்கும் இதய நோயாளிக்கு அது நஞ்சு. சித்த வைத்தியத்தை நாடுபவர்கள் பதிவுபெற்ற சித்த வைத்தியரிடமே போய், தாம் எடுக்கும் ஆங்கில மருந்துகளையும் சொல்ல வேண்டும்.

இளமையில் கைப்பழக்கம் இருந்ததால்தான் முதுமையில் இப்படி ஆனது என்று வருந்துபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்கு எந்த வைத்திய ஆதாரமும் இல்லை. விந்து உடலில் தொடர்ந்து உற்பத்தியாவது. வெளியேறினால் பலம் போவதில்லை. இந்தப் பயத்தை வைத்துத்தான் போலி வைத்தியர்கள் பிழைக்கிறார்கள்.

மனைவியின் பக்கம்

கணவர் விலகிப் படுக்கும்போது மனைவி அதை நோய் என்று நினைப்பதில்லை. தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறார். வேறு யாரோ இருக்கிறார்கள் என்று சந்தேகிக்கிறார். மாதவிடாய் நின்ற பிறகு பெண்ணுக்கும் வறட்சியும் வலியும் வரும். அதற்கும் சிகிச்சை உண்டு. கணவர் மட்டும் குளிசை போட்டு, மனைவி வலியைச் சகித்துக்கொண்டிருப்பது தீர்வாகாது. இனி வேண்டாம் என்று இருவரும் மனமொத்து முடிவெடுத்தால் அதுவும் ஒரு நல்ல முடிவுதான். பேசி எடுத்த முடிவாக அது இருக்க வேண்டும்.

எங்கே போவது, எப்படிச் சொல்வது?

அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ, நீங்கள் வழமையாகப் போகும் பிரஷர், சலரோக கிளினிக்கிலோ தொடங்கலாம். தேவையென்றால் அங்கிருந்து சிறுநீர்த்தொகுதி சத்திரசிகிச்சை நிபுணரிடமோ உளமருத்துவ நிபுணரிடமோ அனுப்புவார்கள். மனம் தாங்காத நேரத்தில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

கிளினிக்கில் சனம் கூட இருக்கும். பக்கத்துக் கதிரையில் ஊராள் இருப்பார். சொல்ல முடியாவிட்டால் ஒரு துண்டில் இப்படி எழுதிக் கொடுங்கள்: “எனக்கு விறைப்பு வருவதில் பிரச்சினை. இத்தனை மாதமாக இருக்கிறது. தனியாகக் கதைக்க வேண்டும்.” வைத்தியர் பெண்ணாக இருந்தாலும் தயங்க வேண்டாம். அவருக்கு இது காய்ச்சல், தடிமன் போல இன்னொரு முறைப்பாடு.

எங்கள் அயலவர் இப்போது தடியூன்றி நடக்கிறார். குருதி அமுக்கத்துக்கு வேறு குளிசை கொடுத்திருக்கிறார்கள். காலையில் மனைவியே அதைக் கையில் எடுத்துக் கொடுக்கிறார். வலது கை இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை. “அண்டைக்கே கேட்டிருக்கலாம்” என்று அவர் இப்போது சொல்கிறார். உங்கள் வீட்டு அலுமாரியிலும் பிரிக்காத குளிசைப் பை ஒன்று இருந்தால், அடுத்த கிளினிக் திகதிக்கு அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.